பெயிண்டைப் பார்த்துச் சைக்கிள் வாங்காதீர்கள்! பாடியில் இரண்டு பல்லை இழந்த காவலாளி

சென்னை–

பச்சை பெயிண்டு பளபளத்தது. பெல் அடித்தால் கணீரென்று கேட்டது. ஏறி மிதித்தால் 'சல்'லென்று ஓடியது. வாங்கி வந்த மூன்றாவது வாரம், வேலைக்குப் போகும் வழியில், அந்தச் சைக்கிள் முன்பக்கம் முறிந்து விழுந்தது!

விழுந்தவர் ஒரு காவலாளி. வீடு வில்லிவாக்கத்தில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரவு டூட்டி. விடியற்காலையில் வேலை முடிந்ததும் பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம், பஸ் காசும் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

அன்று மாலை பாடி பக்கம் போய்க் கொண்டிருந்தார். சின்னப் பள்ளந்தான். முன்சக்கரம் அதில் இறங்கியதும் 'படீர்' என்று ஒரு சத்தம். அடுத்த விநாடி அவர் தார் ரோட்டில் முகம் குப்புறக் கிடந்தார். பின்னால் வந்த லாரி டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால் உயிர் பிழைத்தார்.

முன்பல் இரண்டு போயிற்று. 10 நாள் சம்பளமும் போயிற்று.

பாதி கறுப்பு, பாதி வெள்ளை

உடைந்த சைக்கிளைத் தெரு முனையில் இருக்கும் ரிப்பேர்காரரிடம் கொண்டு போனார். பிளாட்பாரத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரு பேசின் தண்ணீர், ஒரு பம்பு. இவ்வளவுதான் பெரியவரின் கடை.

முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் போர்க் கால்களில் ஒன்று, கழுத்தருகே முறிந்திருந்தது. பெரியவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாரு நைனா. உடைஞ்ச இடத்துல பாதி கறுப்பா இருக்கு. பாதி வெள்ளையா மின்னுது. மின்னுறது இப்ப உடைஞ்சது. கறுப்பு இருக்கு பாரு, அது எப்பவோ விரிசல் விட்டு உள்ளே துரு ஏறினது. மேல பெயிண்டை அடிச்சு உன் தலையில கட்டிட்டாங்க."

"அய்யா, நான் டயரைப் பார்த்தேன், பெல்லைப் பார்த்தேன். இதைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியாதே!" என்றார் காவலாளி.

தெரியாதவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. பழைய சைக்கிள் வாங்குகிற பலரும் முதலில் பார்ப்பது பெயிண்டைத்தான். டயரும் டியூபும் தேய்ந்தால் மாற்றிக் கொள்ளலாம். உயிரைத் தாங்குவது பிரேமும் போர்க்கும்!

கியர் இல்லாத வண்டி

விடியற்காலை 5 மணிக்குச் சென்னைத் தெருக்களில் நின்று பாருங்கள். பால் பாக்கெட் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், கேரியரில் டீ கேன் கட்டி வருகிறவர், இரவு டூட்டி முடிந்து வீடு திரும்பும் காவலாளி. இவர்களில் பலருக்குக் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்தான் துணை.

முன்னால் ஒரு பல்சக்கரம். பின்னால் ஒரு பல்சக்கரம். நடுவில் ஒரு செயின். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தில் இது 5 மீட்டருக்கு மேல்.

மலைப் பாதைக்கு இது போதாது. ஆனால் சென்னை சமதளமான ஊர். தினசரிப் போக்குவரத்தில் மேடு என்றால் மேம்பாலந்தான். அங்கே இறங்கித் தள்ளினால் மானம் ஒன்றும் போய்விடாது!

கியர் சைக்கிளில் செயின் மெல்லியது. செயினை மாற்றிப் போட ஒரு கருவி, அதற்கு ஒரு கேபிள், சின்னச் சின்னச் சக்கரங்கள் என்று சாமான் அதிகம். அதில் ஒன்று கோளாறானாலும் தெரு முனையில் சரி செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். கியர் இல்லாத வண்டிக்கு ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த வண்டிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1951-ல் அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸ் சைக்கிள் வெளிவந்தது. பிறகு பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளும் வந்தன. வடக்கே அட்லஸ் 1951-லும், லூதியானாவில் ஹீரோ 1956-லும் கிளம்பின.

அவற்றில் அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ந் தேதி மூடப்பட்டது. அன்றுதான் உலக சைக்கிள் தினம்!

வாங்கும் முன் 6 சோதனை

பல்லை இழந்த காவலாளிக்குப் பெரியவர் சொல்லிக் கொடுத்த சோதனைகள் இவை. 10 நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

முதல் சோதனை: போர்க். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். போர்க் கால்கள் முன்பக்கம் அழகாக வளைந்திருக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய மாதிரி இருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. கழுத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். சுருக்கமோ, மேடு பள்ளமோ, வெடித்த பெயிண்டோ தட்டுப்பட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது: பிரேம். ஹேண்டில் பார் நுழையும் குழாயுடன், மேல் பாரும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தை அடியில் இருந்து பாருங்கள். மோதிய வண்டி அங்கேதான் மடிப்பு விழும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது: நேர்கோடு. வண்டியை ஒருவர் பிடிக்க, நீங்கள் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிறகு சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு.

நான்காவது: சக்கரம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ரிம்மைச் சுற்றிவிடுங்கள். கோட்டம் இருந்தால் பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். லேசான கோட்டத்தை எடுத்துவிடலாம். போக்ஸ் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 இருப்பது வழக்கம். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டினால் ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். லொடலொடவென்றால் தளர்ந்து விட்டது.

ஐந்தாவது: பெடல் அச்சு. பெடல் மாட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'கடக் கடக்' என்றால் உள்ளே அச்சோ, கப்போ, பால்ரஸ் குண்டோ தேய்ந்திருக்கிறது. ஒரு கை மட்டும் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். அது சின்னச் செலவுதான்.

ஆறாவது: செயின். முன் பல்சக்கரத்தின் முன்பக்கம் செயினை விரலால் பிடித்து இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்கு எழும்பினால் செயின் நீண்டு விட்டது. பல் முனை கத்தி மாதிரி கூராக இருந்தால் பல்சக்கரமும் போய்விட்டது.

கடைசி நான்கில் குறை இருந்தால் வண்டியை ஒதுக்க வேண்டாம். மாற்ற வேண்டிய சாமான்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரிப்பேர் செலவைக் கேட்டு, சொல்கிற விலையில் அதைக் கழித்துக் கொள்ளுங்கள். முதல் இரண்டில் குறை என்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்!

புது வண்டி வாங்க நினைப்பவர்களும் ஒரு கணக்குப் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்து விட்டது. பழசும் அதன் ரிப்பேரும் சேர்ந்து புதுசின் விலையை நெருங்கினால், புதுசே மேல்.

பில் எங்கே?

சோதனை எல்லாம் தேறிவிட்டது. அடுத்து நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அண்ணே, பில் இருக்கா?"

"பழைய வண்டிக்குப் பில் எங்க தம்பி இருக்கும்? வேணும்னா எடு, வேணாம்னா விடு. சாயங்காலம் வேற ஆள் வர்றாரு."

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பில் தொலைந்து போவது சகஜம். ஆனால் விற்கிறவர் யார், எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் வாங்குவது ஆபத்து.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவு திருட்டுப் பொருள் பற்றியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், நேர்மையில்லாமல் வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பாதி விலைக்கும் கீழே, இருட்டிய பிறகு, பூட்டு உடைந்த வண்டியை ஒருவர் தள்ளிக் கொண்டு வந்து "அவசரம், அதான் விக்கிறேன்" என்றால் அதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி வாங்குங்கள். விற்பவர் பெயர், விலாசம், தேதி, விலை, பிரேம் நம்பர், கையெழுத்து. பிரேம் நம்பர் சீட் கம்பி நுழையும் இடத்திலோ, பெடல் அச்சுக்கு அடியிலோ வெட்டப்பட்டிருக்கும். அதை அரம் வைத்துத் தேய்த்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

செல்போனில் போட்டோ பார்த்து வாங்குகிறவர்களும் இப்போது உண்டு. போட்டோவில் விரிசல் தெரியாது. முன்பணம் அனுப்பாதீர்கள். பகலில் நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. அரசு முத்திரையோடு சைக்கிள் விற்பனைக்கு வந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகளுக்குப் பள்ளிக்கூடம் போக அரசு கொடுத்து வரும் வண்டி அது. அதை நீங்கள் வாங்கினால், ஒரு பிள்ளை நடந்து போகிறது என்று அர்த்தம்.

விற்பவர் கவனத்துக்கு

வீட்டு மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் சைக்கிள் தூசி படிந்து கிடக்கும். "இடத்தை அடைக்குது" என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறவர்கள் பலர்.

பெரிய சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ. இரும்பு விலை கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய பிரேம் கெட்டியானது. டயர், டியூப், செயின் மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும். எடைக்குப் போடும் முன் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். எடை விலையை விட அவர் கூடக் கொடுக்கக்கூடும். இல்லாவிட்டால் வாங்க ஆள் சொல்லுவார்.

விற்பதற்காகப் பெயிண்டு அடிக்க வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் புதுப் பெயிண்டைக் கண்டால்தான் பயப்படுவார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து நிறுத்தினால் போதும். யாருக்கு விற்றீர்கள் என்பதை நீங்களும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு அந்த வண்டியை வைத்து யாராவது ஏதாவது செய்தால், உங்களைத் தேடி வராமல் இருக்கும்.

பிக்சட் வீல் மோகம்

இளைஞர்கள் சிலருக்கு இப்போது 'பிக்சட் வீல்' சைக்கிள் மேல் ஆசை. சாதாரணச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். 'டிக் டிக்' என்று சத்தம் வரும். காரணம் பிரீவீல். பிக்சட் வீலில் அது கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக் கொண்டே இருக்கும். காலை எடுத்தால் பெடல் வந்து கெண்டைக்காலில் அடிக்கும்! பின்பக்கமாக அழுத்தினால் வேகம் குறையும்.

சைக்கிள் பந்தயத்துக்காக உள்ள வட்டத் தளத்தில் ஓட்டுவது இந்த வண்டிதான். அங்கே குறுக்கே மாடு வராது, ஆட்டோ வராது. தெருவில் ஓட்டுவதானால் கண்டிப்பாக முன் பிரேக் வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பிக்சட் வீலுக்கு என்று தனி ஹப் இருக்கிறது. அதில் பல்சக்கரம் வலது திருகில் ஏறும். அது கழன்று வராமல் பிடிக்க, இடது திருகில் ஒரு பூட்டு வளையம் ஏறும். காசு மிச்சம் என்று சாதாரண ஹப்பில் பிரீவீலைக் கழற்றிவிட்டு, வெறும் பல்சக்கரத்தைத் திருகிக் கொள்கிறவர்கள் உண்டு. அங்கே பூட்டு வளையத்துக்கு இடமே கிடையாது. நிறுத்துவதற்காகப் பின்பக்கம் அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று சுற்றும். வண்டி நிற்காது!

வாரம் கால் மணி நேரம்

வாங்கிய வண்டியைக் காப்பாற்றுவதற்கு வாரத்தில் கால் மணி நேரம் போதும்.

காற்றை அமுக்கிப் பாருங்கள். காற்றுக் குறைந்தால் மிதிக்கவும் கஷ்டம், டயரும் பக்கவாட்டில் வெடிக்கும். அடிக்கடி காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று நினைக்க வேண்டாம். பழைய மாதிரி மூக்கு உள்ள டியூபில், உள்ளே இருக்கும் வால்டியூப் ரப்பர் நைந்திருக்கலாம். அது ரொம்ப மலிவான சாமான்.

செயினைத் துணியால் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். பிறகு மேலே இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். செயினை நடுவில் விரலால் தட்டினால் அரை அங்குலம் போல ஆட வேண்டும். விறைப்பாக இருந்தாலும் தேயும், தளர்ந்தால் கழன்றுவிடும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கூல் பிள்ளையின் ஸ்கேல் போதும். 12 அங்குலத்தில் 24 கண்ணி அடங்க வேண்டும். அது எட்டில் ஒரு அங்குலம் நீண்டாலே செயினை மாற்றிவிடுங்கள். செயினுக்குக் கஞ்சத்தனம் பார்த்தால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டி வரும்.

செயினைப் பூட்டும் கிளிப்பில் ஒரு பக்கம் மூடியும், ஒரு பக்கம் பிளந்தும் இருக்கும். செயின் ஓடும் திசையில் மூடிய பக்கம் முன்னால் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பெடலுக்கு மட்டும் திருகு தலைகீழ். தெரியாமல் பலம் காட்டினால் திருகு கெட்டுவிடும்.

மழையில் ஜாக்கிரதை! பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு தூரம் முன்பே லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்து, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டியை வெயிலில் காய வைத்தால் மட்டும் போதாது. ஹப், பெடல் அச்சு இரண்டையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளக்கும், உள்ளே பால்ரஸ் துருவில் அரைபடும்.

பெட்டியை எடுக்க ஆள் இல்லை

மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் ஒன்று உண்டு. பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அங்கே வாங்கிய வண்டியில்தான். ரிப்பேர் வேலையைப் பலர் கற்றதும் அந்தக் கடைகளில்தான். மோட்டார் சைக்கிள் பெருகப் பெருக அவை மறைந்து போயின.

பெரியவருக்குப் பிறகு அந்த மரப்பெட்டியை எடுக்க ஆள் இல்லை. "என் பையன் பைக் மெக்கானிக். இந்தப் பெட்டியைத் தொடமாட்டான். நான் இருக்கிற வரைக்கும் கோட்டம் எடுப்பேன். அப்புறம் அவங்க அவங்களே கத்துக்க வேண்டியதுதான்" என்கிறார் அவர்.

காவலாளி ஒரு மாதம் கழித்து இன்னொரு பழைய சைக்கிள் வாங்கினார். இந்தத் தடவை பெரியவரையும் கூட்டிக் கொண்டு போனார். வரிசையாக ஐந்து வண்டி நின்றன. பெரியவர் பளபளத்த நான்கை விட்டுவிட்டு, பெயிண்டு உதிர்ந்து கறுத்திருந்த ஐந்தாவதைத் தலைகீழாக நிறுத்தினார். சக்கரத்தைச் சுற்றினார். கழுத்தைத் தடவினார்.

"இது அழகு இல்ல நைனா. ஆனா எதையும் மறைக்கல. எடுத்துக்க" என்றார்.

வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டுதான் காவலாளி பணத்தைக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது அவர் வீட்டில் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறது. வண்டி தினமும் பாடி வழியாக அம்பத்தூர் போய் வருகிறது.